வீடு பார்க்கப் போகும்போது என் தோளில் தொங்கும் பை

11 வருடத்தில் ஏழு வாடகை வீடு. என் வேலை அப்படி. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் மூன்று வீடுகளை எல்லாரையும் போலத்தான் பார்த்தேன். உள்ளே போவேன், ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று நிற்பேன், அடுப்படிக் குழாயை ஒரு தடவை திறந்து மூடுவேன், "நல்லா இருக்கு" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது வீடு கற்றுக் கொடுத்தது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்ததால் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மாதம் பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். வாஷிங் மெஷினை ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்றது. காலி பண்ணும்போது, நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த ஒரு கறைக்கு அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். முன்பே இருந்தது என்று நிரூபிக்க என் கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வந்த எரிச்சலில் வாங்க ஆரம்பித்தவைதான் இந்தப் பையில் இருக்கும் சாமான்கள். அடுத்த நான்கு வீடுகளும் இவற்றோடு பார்த்துப் பிடித்தவை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்தவை இருபதுக்கு மேல் இருக்கும். அதனால் எது உருப்படி, எது வீண் என்று சொல்லும் தகுதி கொஞ்சம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் கணவர் இதை டாக்டர் பை என்று கேலி பேசுவார். பேசட்டும்.

முதலில் சாக்கெட் டெஸ்டர். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். பார்க்க ஒரு தடித்த மூன்று முள் பிளக் மாதிரி இருக்கும், முதுகில் மூன்று சின்ன விளக்குகள். பிளக் பாயின்ட்டில் செருகி ஸ்விட்சைப் போட்டால் விளக்குகள் ஏதோ ஒரு வரிசையில் எரியும். எந்த வரிசைக்கு என்ன அர்த்தம் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எர்த் இல்லை, நியூட்ரல் இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன, எல்லாம் சரி, இவ்வளவுதான் அது சொல்லும். ஃபேஸ் மின்சாரம் வரும் கம்பி, நியூட்ரல் அது திரும்பிப் போகும் கம்பி, எர்த் கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பி. ஒரு பாயின்ட்டுக்கு ஐந்து விநாடி. இரண்டு படுக்கையறை வீட்டை முழுக்கச் சுற்றிவர ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாங்கும்போது உங்கள் ஊர் சாக்கெட்டுக்குப் பொருந்தும் முள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடாப்டர் மாட்டிச் சோதித்தால், அந்த அடாப்டரில் எர்த் இல்லாமல் போனால் எல்லாப் பாயின்ட்டும் கெட்டதாகத்தான் காட்டும்.

என் வாஷிங் மெஷின் சுருக்கென்றதன் காரணமும் இதை வாங்கிய பிறகுதான் விளங்கியது. இந்த மாதிரி மெஷின்களுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து துளி மின்சாரம் எர்த் வழியாக வெளியேறும்படி அமைத்திருப்பார்கள். எர்த் கம்பி எங்கேயோ அறுந்துபோயிருந்தால் அது போக வழியில்லாமல் உலோக உடம்பிலேயே நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் வீட்டுக்கு வரும் வோல்ட்டில் ஏறக்குறைய பாதி காட்டும். அந்தத் துளி மின்சாரம் பெரும்பாலும் சுருக்கென்பதோடு நின்றுவிடும், ஆனால் மெஷினுக்குள் உண்மையாகவே ஒரு கம்பி தோலுரிந்து உடம்பைத் தொட்டுவிட்டால் அன்றைக்குக் காப்பாற்ற எர்த் இருக்காது. அதனால் "லேசா சுருக்குங்குது, பரவாயில்லை" என்று இருந்துவிடாதீர்கள்.

டெஸ்டருக்கும் குறைகள் உண்டு. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். எர்த்தும் நியூட்ரலும் தங்களுக்குள் இடம் மாறியிருந்தால் இதற்குத் தெரியாது, இரண்டிலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் "சரி" என்றே காட்டும். சில பழைய வீடுகளில் எர்த் கம்பியே இழுக்காமல், சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் ஏமாற்று வேலை நடக்கும். அதையும் இது "சரி" என்றுதான் சொல்லும். எர்த் இருக்கிறதா என்று சொல்லுமே ஒழிய, நல்ல எர்த்தா என்று சொல்லாது. டெஸ்டர் "கெட்டது" என்று காட்டினால் நம்பலாம், "சரி" என்று காட்டினால் பாதி நம்பலாம். இந்தக் குறையோடும் அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் ஆறாவது வீட்டில் ஒன்பது பாயின்ட்டில் நான்கில் எர்த் இல்லை என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்ல முடிந்தது. வீட்டுக்காரர் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க எலக்ட்ரீஷியனாம்மா?" என்று கேட்டார். இல்லை சார், கணக்கு எழுதுகிறவள் என்றேன். அடுத்த வாரமே ஆள் வைத்துச் சரி பண்ணிக் கொடுத்தார். அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொல்லியிருந்தால் அடுத்த வருடம் வரை "பார்க்கலாம்" தான். எதைக் கேட்பதாக இருந்தாலும் பணம் நம் கையில் இருக்கும்போது கேட்டுவிட வேண்டும். இந்தப் பை அதற்குத்தான்.

டெஸ்டரோடு சேர்ந்த ஓசி வேலை ஒன்று: மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். வரிசையாக எம்.சி.பி. இருக்கும், மின்சாரம் அளவுக்கு மீறிப் போனால் தானே விழும் சின்ன ஸ்விட்சுகள். அவை கம்பியைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதற்கு, நம்மைக் காப்பாற்ற அல்ல. நம் உயிருக்கானது மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதன் மேல் 30 எம்.ஏ. (mA, மில்லி ஆம்பியர்) என்று எழுதி, 'T' என்ற எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் வேலை செய்கிறது. விழவில்லை என்றாலும், அப்படி ஒன்று போர்டிலேயே இல்லை என்றாலும், பேச வேண்டிய விஷயங்களில் அதை முதலில் வையுங்கள்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம், காட்டும் மீட்டர். இதில்தான் என் ஆசையும் ஏமாற்றமும் கலந்திருக்கின்றன. கையடக்கமாக இருக்கும், முனையில் இரண்டு ஊசி. சுவரில் குத்தினால் திரையில் ஒரு சதவீதம் வரும். வாங்கிய புதிதில் அந்த எண்ணை அப்படியே நம்பி, நல்ல வீடு ஒன்றைக் கைவிட்டேன். இப்போது நினைத்தாலும் வருத்தம். அப்புறம்தான் கையேட்டைப் பொறுமையாகப் படித்தேன். இரண்டு ஊசிக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. அதன் சதவீதக் கணக்கு மரத்துக்காகப் போட்டது. மரத்தில் 20க்கு மேல் போனால் உளுத்துப்போகும் என்று பயப்படலாம். பூச்சுச் சுவரில் அந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. சுவரில் உப்புப் பூத்திருந்தால் காய்ந்த சுவரே ஈரச் சுவராகக் காட்டும். பெயின்ட் காயாமல் இருந்தாலும் ஏறும்.

அப்படியானால் எதற்கு இது? ஒப்பிட்டுப் பார்க்க. வீட்டின் நடுவில், வெளிச்சுவரோடும் குளியலறையோடும் ஒட்டாத ஒரு உள்சுவரை முதலில் குத்திப் பார்ப்பேன். அதுதான் அந்த வீட்டின் 'காய்ந்த' எண். பிறகு மற்ற இடங்களை அதோடு வைத்துப் பார்ப்பேன். தரையோரம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைந்து இடுப்பு உயரத்துக்கு மேல் சாதாரணமாகவும் இருந்தால், பெரும்பாலும் தரையிலிருந்து ஏறும் ஈரம். சீலிங்கை ஒட்டிய மூலையில் மட்டும் என்றால் மேலே எங்கேயோ ஒழுகுகிறது. ஜன்னலுக்குக் கீழே என்றால் ஜன்னல் சட்டத்தின் ஓரம் சரியில்லை. குளியலறைக்கு மறுபக்கச் சுவர் என்றால் உள்ளே போகும் குழாய். கடைசியில் சொன்னதுதான் மோசம், சுவரை உடைக்காமல் சரி செய்ய முடியாது. நாலு இடத்து எண்ணை வாங்கிக்கொண்டு, "இந்த மூலையில் மட்டும் ஏன் சார் இப்படி?" என்று கேட்டால் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்காகவே வைத்திருக்கிறேன்.

ஒரு சங்கடம், ஊசி சுவரில் இரண்டு பொட்டு ஓட்டை வைக்கும். புதுப் பெயின்ட்டில் நன்றாகவே தெரியும். ஒரு வீட்டில் கேட்காமல் குத்திவிட்டேன், அந்தம்மா முகம் சிவந்து "வாடகைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஓட்டை போடுறீங்களே" என்றார். நியாயமான கோபம். இப்போதெல்லாம் கேட்டுவிட்டு, தரைப்பட்டைக்குச் சற்று மேலே கண்ணுக்குப் படாத இடத்தில்தான் குத்துகிறேன். ஊசி இல்லாமல் தகடு வைத்துப் பார்க்கும் மீட்டரும் உண்டு, நான் பயன்படுத்தியதில்லை. பத்துக்கு ஆறு கொடுக்கலாம். நல்ல டார்ச் ஒன்று வாங்கி, சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தாலே பெயின்ட்டுக்கு அடியில் ஒட்டுப் போட்ட இடம், உப்பிய இடம் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டார்ச்சை வாங்குங்கள்.

ஹைக்ரோமீட்டர், அதாவது அறையின் ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம் போன்றது. வீடு பார்க்கும்போது இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. குடிபோன பிறகுதான் இதன் வேலை. அறையில் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும் அளவு இடம் விடுவது, குளித்ததும் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறப்பது, துணியை அறைக்குள் உலர்த்தாமல் இருப்பது, இவற்றில் எது உங்கள் வீட்டில் வேலை செய்கிறது என்று இதைப் பார்த்தால் புரியும். ஆனால் மலிவானவை பொய் சொல்லும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 81 காட்டியது. அதனால் எப்போதும் மனதுக்குள் ஆறைக் கழித்துக்கொள்கிறேன். திருப்பிக் கொடுத்திருக்கலாம். பில்லைத் தொலைத்துவிட்டேன்.

மடக்கும் வாளி. சிரிக்காதீர்கள். 10 லிட்டர் வாளி, மடக்கினால் தட்டு மாதிரி ஆகிவிடும். குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்து, நிறைய எவ்வளவு நேரம் என்று ஃபோனில் பார்க்கிறேன். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர், தாராளம். இரண்டு நிமிடமானால் சமாளிக்கலாம். மூன்றைத் தாண்டினால் காலை நேரத்தில் வீட்டில் தினம் சண்டைதான். அந்த நேரத்திலேயே அடுப்படிக் குழாயையும் யாரையாவது திறக்கச் சொல்லுங்கள், இங்கே எவ்வளவு குறைகிறது என்று தெரியும். தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடுகளில் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடிக்குத்தான் அழுத்தம் குறைவு. குழாய்க்கு மேலே தொட்டி இருக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுதான் அழுத்தம் கிடைக்கும். மேல் மாடி என்றால் காற்று வரும் என்று ஆசைப்பட்டு, ஷவரில் நூல் மாதிரித் தண்ணீர் வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். வாளி நிறைந்த பிறகு அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். குளியலறைத் தரையில் தூரமான மூலையில் மொத்தமாகக் கவிழ்த்துவிட்டு, எங்கே போகிறது என்று பாருங்கள். வாசல் பக்கம் ஓடி வந்தால் தரை வாட்டம் சரியில்லை, அது உங்கள் காலத்தில் மாறாது. பத்துக்குப் பத்து.

வாளிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஐந்தாவது வீட்டைப் பார்க்கப் போனபோது உள்ளே நுழைந்ததுமே சாக்கடை நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருப்போம். இரண்டு மாதமாகப் பூட்டிக்கிடந்த வீடு என்று கூட வந்தவர் சொன்னார். தரை வடிகாலுக்கு அடியில் வளைந்த பகுதியில் ஒரு சாண்கூட இல்லாத தண்ணீர் எப்போதும் நின்றால்தான் அது மூடி மாதிரி சாக்கடைக் காற்றைத் தடுக்கும். வீடு பூட்டிக்கிடந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். எல்லா வடிகாலிலும், வாஷ்பேசினிலும் ஆளுக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தோம். நாற்றம் இல்லை. அந்த வீட்டில் இரண்டரை வருடம் இருந்தோம், ஏழில் அதுதான் எனக்குப் பிடித்தது. தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகவில்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

உணவுக்குச் சேர்க்கும் நிறக் குப்பி ஒன்றும் பையில் கிடக்கிறது. ஃபிளஷ் டேங்கில் நாலு சொட்டு விட்டு, யாரும் ஃபிளஷ் பண்ணாமல் இருபது நிமிடம் கழித்துக் கீழே எட்டிப் பார்த்தால் போதும். நிறம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது, ராத்திரி பகலாகத் தண்ணீர் ஒழுகுகிறது. தண்ணீருக்கு மீட்டர் உள்ள வீடு என்றால் அந்தக் காசு உங்களுடையது.

இனி ஏமாந்தது. லேசர் அளவுமானி. பார்க்க அழகு, பொத்தானை அழுத்தினால் எதிர்ச்சுவர் எவ்வளவு தூரம் என்று மில்லிமீட்டர் வரை சொல்லும். வெறும் அறையை அளக்க அருமைதான். ஆனால் வாடகைக்குப் போகிறவருக்கு அறையின் நீளத்தைவிட, கதவு திறந்த நிலையில் எவ்வளவு இடைவெளி, படிக்கட்டுத் திருப்பம் எவ்வளவு அகலம், லிஃப்ட் எவ்வளவு ஆழம், இவைதான் முக்கியம். அந்தச் சந்து பொந்துகளில் லேசர் பாயத் தோதான இடமே இல்லை. நல்ல வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, கண்ணாடியில் பட்டால் எண் தாறுமாறாக வரும். ஐந்து மீட்டர் டேப்புக்கே திரும்பிவிட்டேன். லேசர் இப்போது என் மகனின் விளையாட்டுச் சாமானோடு கிடக்கிறது.

டேப் வைத்திருந்தும் ஒரு தடவை தோற்றோம். எங்கள் பீரோ 210 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம். அறையில் பரண் இருந்தது, அதன் அடிவரைக்கும் 215. ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன். படுக்கவைத்துக் கொண்டுவந்த பீரோவை நிமிர்த்தும்போது பரணில் முட்டிக்கொண்டு நின்றது. சாய்ந்து எழும்போது அதன் மூலைக்கு மூலை அளவு 218 என்பது தலையில் உதிக்கவே இல்லை, அதுவும் கணக்கு எழுதுகிறவளுக்கு. சாமான் தூக்க வந்த தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பரண் இல்லாத மூலையில் நிமிர்த்தி, அப்படியே தள்ளிக்கொண்டு வந்தோம். தரையில் ஒரு கோடு விழுந்தது, காலி பண்ணும்போது அதற்குப் பணம் பிடித்தார்கள். அது எங்கள் தப்பு, கொடுத்தோம்.

பணம் பிடிப்பது பற்றிச் சொல்வதென்றால், பையில் இல்லாத சாமான் ஒன்றுதான் அதற்கு மருந்து: ஃபோன். சாவி வாங்கிய அன்று, ஒரு சாமானும் உள்ளே வைப்பதற்கு முன், வாசலில் ஆரம்பித்து ஒரே பக்கமாகச் சுற்றி எல்லா அறையையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கிறேன். கீறல், கறை, உடைந்த டைல் எதுவானாலும் பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து எடுத்தால், பிற்பாடு "இது சின்னதா இருந்துச்சு, நீங்க பெருசாக்கிட்டீங்க" என்ற பேச்சு வராது. மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களும் அந்த வீடியோவில் இருக்க வேண்டும். முக்கியம், அதை உங்கள் ஃபோனிலேயே வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். "வீடு நன்றாக இருக்கிறது, இந்த நான்கு இடத்தில் மட்டும் ஏற்கெனவே இப்படி இருக்கிறது" என்று மரியாதையாக இரண்டு வரி எழுதி. தேதியோடு இரண்டு பேரிடமும் இருக்கும். நான்கு வீட்டில் மூன்றில் அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வந்தது இதனால்தான். நான்காவதில்தான் மேலே சொன்ன கோடு.

பைக்கு வெளியே முதல் நாளே வாங்க வேண்டியது என்று நான் அடித்துச் சொல்வது கார்பன் மோனாக்சைடு அலாரம், வீட்டில் கேஸில் ஓடும் தண்ணீர் ஹீட்டர் இருந்தால். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் குறைந்த குளியலறையில் சேர்ந்துவிட்டால் தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து ஆளையே சாய்த்துவிடும். ஹீட்டர் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன அலாரம் சுவரில் இருந்தாலும் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், அதற்குக் காலாவதித் தேதி உண்டு.

சுவரில் ஒட்டும் கொக்கிகளைப் பற்றித் தனியாக எழுத ஒன்றும் இல்லை. பெயின்ட் அடித்து ஓரிரு வாரம் ஆகியிருக்க வேண்டும், சுவரைத் துடைத்துக் காயவைத்து ஒட்ட வேண்டும், எடுக்கும்போது பட்டையை நம் பக்கம் இழுக்காமல் சுவரோடு ஒட்டினாற்போல் கீழே இழுக்க வேண்டும். மூன்றில் ஒன்றை மறந்தாலும் பெயின்ட்டும் கூடவே வரும். எனக்கு வந்தது.

மொத்தப் பையும் ஒன்றரைக் கிலோ கூட இல்லை. முன்பு அட்வான்ஸில் பிடிபட்ட தொகையில் பாதிக்குள் எல்லாமே அடங்கிவிட்டன, லேசரையும் சேர்த்து. ஓத மீட்டரின் பேட்டரியை மட்டும் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். வருடக்கணக்கில் பையிலேயே கிடந்து ஒழுகி, ஒரு தடவை உள்ளே பச்சை பூத்துவிட்டது.

சாக்கெட் டெஸ்டர் இப்போது என்னிடம் இல்லை. வீடு மாறப்போகிறேன் என்று போன மாதம் தங்கை வாங்கிக்கொண்டு போனாள். வீடு பிடித்து, சாமானும் இறக்கியாகிவிட்டது. டெஸ்டரைக் கேட்டால், "மாமியார் வீட்டுல ஒரு தடவை செருகிப் பார்த்துட்டுத் தர்றேங்கா" என்கிறாள்.